பாவித்த படகு வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

மாரி முடிந்து கடல் தணியத் தொடங்கும்போது வடக்கின் கரையோரக் கிராமங்களில் படகுப் பேச்சும் தொடங்கிவிடும். எங்கே விலைக்கு நிற்கிறது, இயந்திரத்தோடா, இயந்திரம் இல்லாமலா, எத்தனை வருடம் ஓடியது என்று விசாரிப்பார்கள். புதுப் படகையும் புது இயந்திரத்தையும் வலையையும் ஒரே தடவையில் வாங்கக்கூடிய கடற்றொழிலாளர்கள் மிகக் குறைவு. இன்னொருவரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் சொந்தமாகத் தொழில் செய்ய நினைத்தால் அவருடைய முதல் படகு பெரும்பாலும் பாவித்த படகாகவே இருக்கும். பதினெட்டு, இருபது அடி நீளமான ஃபைபர் கிளாஸ் படகு. அதன் பின்னால் மாட்டிய வெளியிணைப்பு இயந்திரம். அரச ஆவணங்களில் ‘ஓ.எஃப்.ஆர்.பி.’ என்று தொடங்கும் இலக்கம் கொண்டவை இவை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயின்ற். அடுத்தது இயந்திரம் யமஹாவா, சுசுக்கியா என்பது. இந்த இரண்டையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். காசைக் கரைப்பவை வேறு மூன்று: படகின் பத்திரம், இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகை, கண்ணுக்குத் தெரியாமல் படகின் உடம்புக்குள் ஏறியிருக்கும் தண்ணீர். விற்பவர் சொல்லும் விலைக்குள் இவற்றின் செலவு அடங்குவதில்லை. படகைக் கரையில் இருந்து இறக்கும் முன்பு இந்த மூன்றையும் பார்க்கத் தெரிந்தால் பேரம் பேசவும் தெரியும்.

நமது கரைகளில் நிற்கும் பழைய படகுகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. காரைநகரில் நோர்வே உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனம் வடக்கில் படகு கட்டும் தொழிலை நவீனப்படுத்தியது. குருநகரில் அதன் வலைத் தொழிற்சாலையும் இயங்கியது. போர் அந்த வேலைகளை முடக்கிப் போட்டது. அதற்கும் முன்பு, வல்வெட்டித்துறையில் மரத்தால் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட அந்தக் கப்பல் 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதுவும் பாவித்த கப்பல்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்று சந்தைக்கு வருபவை அவ்வளவு பெருமை கொண்டவை அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஏராளமான படகுகள் மிகக் குறுகிய காலத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல தரக்குறைவானவை என்பதை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பே பின்னர் சுட்டிக்காட்டியது. மெல்லிய தோல், போதாத ரெசின், உள்ளே சரியாக மூடப்படாத மரம் என்பன இவற்றின் குறைகள். அந்தப் படகுகளின் வயது இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. அடுத்தவை 2009க்கு முன்பு வன்னிக் கரைகளில் இருந்தவை. சன்னமும் எறிகணைச் சிதறலும் பட்டு, மாதக்கணக்கில் வெயிலிலும் மணலிலும் கிடந்து, பிறகு ஒட்டுப் போட்டு எழுப்பப்பட்டவை. மூன்றாவது, மீள்குடியேற்றத்தின்போது அரச சார்பற்ற நிறுவனங்கள் கொடுத்தவை. இவற்றில் சில நல்ல படகுகள். சிக்கல் பெரும்பாலும் பத்திரத்தில்தான். எனவே விலை கேட்கும் முன்பு, எந்த வருடம், யார் கட்டியது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்திரம் யாருடைய பெயரில்?

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி உள்ளூர் மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். படகின் பதிவு ஒன்று, தொழில் செய்வதற்கான அனுமதிப்பத்திரம் இன்னொன்று. பலர் அனுமதிப்பத்திரத்தைக் காட்டிவிட்டு அதுவே உரிமை என்று சொல்வார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர், படகில் எழுதியுள்ள இலக்கம், விற்பவரின் அடையாள அட்டை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முற்பணம் கொடுக்காமல், முதலில் அந்தப் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் போய்க் கேளுங்கள். யாருடைய படகு, யாரிடம் கடன் பட்டு வாங்கியது, வழக்கு ஏதும் உண்டா என்பதை ஒரு சங்கத் தலைவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இங்கே சட்டப் புத்தகத்தில் எளிதாகத் தெரியும் விடயம் வன்னியில் எளிதல்ல. இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தன. படகு ஒருவர் பெயரில் இருக்கும். அவர் முள்ளிவாய்க்காலில் இறந்திருப்பார், அல்லது காணாமல் ஆக்கப்பட்டிருப்பார். மனைவியோ மகனோ அந்தப் படகை வைத்தே இத்தனை வருடம் சீவித்திருப்பார்கள். அவர்களிடம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வெறும் கையெழுத்துக் கடிதத்தோடு வாங்கினால் பெயர் மாற்றத்தின்போது நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள், அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். இறந்தவராயின் மரணச் சான்றிதழும் உரித்தாளர்களின் சம்மதமும் தேவை. காணாமல் ஆக்கப்பட்டவராயின், 2016இல் மரணப் பதிவு தொடர்பான தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மறுக்கும் குடும்பங்களுக்காக உருவான ஏற்பாடு அது. மறுப்பதற்கு அவர்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது. ஒரு படகு விற்பனைக்காக ஒரு தாயை மரணச் சான்றிதழில் கையொப்பமிடச் சொல்லி யாரும் நெருக்கக்கூடாது. அதேநேரம் அந்தச் சான்றிதழ் கையில் இருப்பதாலேயே சொத்தை விற்கும் உரிமை வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்திலோ கேட்டு, எழுத்தில் ஒழுங்கு செய்த பிறகு பணம் கைமாறுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

நிறுவனங்கள் கொடுத்த படகுகளில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சில படகுகள் தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டவை; சில சங்கத்துக்கோ குழுவுக்கோ கொடுக்கப்பட்டவை. குழுப் படகை அதில் தொழில் செய்த ஒருவர் தனியே விற்க முடியாது.

இயந்திரத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. படகில் மாட்டும் பிடிப்பகுதியில் சிறிய தகட்டில் அது இருக்கும். கரையில் இருந்து இயந்திரங்கள் களவு போவது புதினமல்ல. தகடு சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விட்டுவிட்டுத் திரும்பி வரலாம்.

தட்டிப் பார்த்தல்

படகைப் பார்க்கப் போவது காலை வேளையில், படகு காய்ந்து, கவிழ்த்தோ சாய்த்தோ வைக்கப்பட்டிருக்கும்போது நல்லது. தண்ணீரில் மிதக்கும் படகைக் காட்டி விலை பேசுபவர் அடியைக் காட்ட விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் பெயின்ற் அடித்த படகும் அப்படித்தான். விற்பதற்கு முதல் வாரம் அடித்த பெயின்ற், வெடிப்பையும் ஒட்டையும் மறைக்கவே பெரும்பாலும் அடிக்கப்படுகிறது.

ஃபைபர் கிளாஸ் என்பது கண்ணாடி நூல் பாயும் அதை ஒட்டிப் பிடிக்கும் ரெசினும் சேர்ந்தது. வெளியே இருக்கும் வழவழப்பான மெல்லிய பூச்சு ஜெல் கோட். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் ஜெல் கோட்டில் மட்டும் இருந்தால் பயமில்லை. ஒரே கோட்டில் நீளமாக, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பு என்றால் தோலே உடைந்திருக்கிறது. அடியில் சிறு கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒன்றைக் குத்தினால் புளித்த வாசனையுடன் நீர் வந்தால், உப்புநீர் ரெசினுக்குள் ஊறி அதைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பத்துப் பன்னிரண்டு கொப்புளங்களைத் தேய்த்து, காயவிட்டு, மூடலாம். அடி முழுவதும் இருந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு நாணயத்தாலோ சுத்தியல் பிடியாலோ அணியத்தில் இருந்து பின்பக்கம்வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும். பாய்கள் ஒன்றில் இருந்து ஒன்று பிரிந்த இடமும், உள்ளே மரம் உக்கிய இடமும் மங்கலாக ஒலிக்கும். சோக்கால் அந்த இடங்களை வட்டமிட்டு வையுங்கள். முடிவில் எத்தனை வட்டம் என்று பார்த்தாலே பேரத்தின் பாதி முடிந்துவிடும்.

மிகக் கவனமாகத் தட்ட வேண்டியது பின்பலகை. பல படகுகளில் அது ஃபைபருக்கு நடுவில் வைத்து மூடிய பிளைவூட். இயந்திரத்தின் எடை, அது தள்ளும் விசை, அலையில் அது ஆடும் ஆட்டம் எல்லாம் அந்தப் பலகையில்தான் விழுகிறது. போல்ற் போட்ட துளைகளைச் சரியாக அடைக்காமல் விட்டால் அதன் வழியே தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமலே பிளைவூட் உள்ளே சேறாகிவிடும். இயந்திரத்தை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பலகை வளைந்தாலோ, மூலைகளில் கீறல் விரிந்தாலோ, போல்ற் துளையில் இருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ அது போய்விட்டது. பின்பலகை மாற்றுவது செய்ய முடியாத வேலையல்ல. உள்தோலை வெட்டி, உக்கியதைச் சுரண்டி, புது மரீன் பிளைவூட் வைத்து, மீண்டும் பாய் இட்டுக் கட்ட வேண்டும். ஆனால் அந்தச் செலவை விலையில் இருந்து கழிக்காமல் வாங்கக்கூடாது. கடலுக்கு நடுவில் பலகை பிரிந்து இயந்திரம் தண்ணீருக்குள் போனால், கரைக்குத் திரும்ப இருப்பது துடுப்பு மட்டும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் தண்ணீர். படகு கவிழ்ந்தாலும் தாழாமல் இருக்க அணியத்திலும் பக்கங்களிலும் நுரை அடைத்திருப்பார்கள். மலிவான நுரை வருடக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சும். ஆறு பேர் தள்ளிக் கரையேற்றிய படகு இப்போது பத்துப் பேரைக் கேட்கிறது என்றால், அந்தப் பாரம் நுரைக்குள்தான் இருக்கும். அடைத்த பகுதியின் மிகத் தாழ்ந்த இடத்தில் சிறு துளை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்பவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். அந்தத் துளையை மூடுவது சின்ன வேலை.

ஒட்டு வேலையைப் பற்றி

போர்க்கால ஓட்டைகளை மூடிய படகுகளில் நான் பார்த்தவரை அதிகம் தெரிவது, வெளியே ஒரு துண்டுப் பாய் வைத்து ரெசின் பூசி விட்டுவிடும் பழக்கம். அது ஒரு வருடம் தாங்கும், பிறகு உரியும். ஒட்டு நிலைக்க வேண்டுமானால் ஓட்டையைச் சுற்றி உள்ள தோலைச் சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும். தோலின் தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு என்பது பொதுவான கணக்கு. தோல் 6 மில்லிமீற்றர் என்றால், ஓட்டையின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். பிறகு சிறிய துண்டில் தொடங்கிப் பெரிய துண்டுவரை பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இட வேண்டும். இடம் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். உப்பு இருந்தால் நல்ல தண்ணீரால் கழுவி மீண்டும் காயவிட வேண்டும். மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடங்குவது காசை மழையில் விடுவதற்குச் சமம்.

சாமான் வாங்கப் போகும்போது ஒரு கணக்கு உதவும். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள பாயில் மூன்று அடுக்கு என்றால், ஒரு சதுர மீற்றருக்கு 1.35 கிலோ பாய். கையால் பூசும்போது பாயின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் போகும். அதாவது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. இறுக வைக்கும் திரவம் ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வீதம். வெயில் கூடினால் குறைவாக. கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகி, சூடேறி, வெடிக்கும்.

இந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டால் அந்தக் கணமே நல்ல தண்ணீரால் கால்மணி நேரமாவது கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ரெசினுக்குச் சேர்க்கும் ஊதா நிறக் கோபால்ற் திரவத்தையும் இதையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது. தீப்பற்றும், வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றது. போத்தல்களைப் பிள்ளைகளுக்கு எட்டாமல், குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காமல், தனியே வையுங்கள். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்குச் சாரத்தால் முகத்தைக் கட்டுவது போதாது. முகமூடியும் கண்ணாடியும் வேண்டும்.

இயந்திரமும் மண்ணெண்ணெயும்

இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது அது ஆறியிருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய நிலையில் ஸ்ராற் ஆக மறுக்கும் இயந்திரமாக இருக்கலாம். ஸ்ராற் ஆன சிறிது நேரத்தில் பக்கத்தில் இருந்து குளிரூட்டும் தண்ணீர் தாரையாகப் பாய வேண்டும். சொட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அது மலிவு. தண்ணீர்ப் பாதையே உப்பால் அடைபட்டிருந்தால் மலிவல்ல. கீழ்ப்பகுதியின் அடித் திருகாணியைச் சற்றுத் தளர்த்திக் கியர் ஒயிலைப் பாருங்கள். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் கடல்நீர் உள்ளே போய்விட்டது. இரண்டு சிலிண்டர் இயந்திரமானால் இரண்டின் அமுக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எண் என்னவாக இருந்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் கால் நீளம் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் அளந்து பாருங்கள். கட்டைக் காலுக்குப் பலகை ஏறத்தாழ 15 அங்குலம், நீளக் காலுக்கு 20 அங்குலம். வேறு படகுக்கு வாங்கிய இயந்திரத்தை இந்தப் படகில் மாட்டி விற்பவர்கள் உண்டு.

எரிபொருள் ஏன் முக்கியம் என்பதை 2022 கற்றுத் தந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியது. பிறகு விலை மாறினாலும் பழைய 87 ரூபா திரும்பவில்லை. ஒரு நாளைக்கு 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபாவானது. தேய்ந்த இயந்திரமும் தண்ணீர் ஊறிய படகும் சேர்ந்து அதே தூரத்துக்கு 25 லீற்றர் கேட்டால், அந்தக் கூடுதல் ஐந்து லீற்றருக்கு 340 ரூபா வீதம் நாளுக்கு 1,700 ரூபா. மாதத்தில் இருபது நாள் கடலுக்குப் போனால் 34,000 ரூபா. மலிவாக வாங்கிய படகு அந்த மலிவை ஒரு பருவத்துக்குள் தின்றுவிடும். வெள்ளோட்டத்தின்போது எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு மீதி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் படகின் நிலையோடு சம்பந்தப்பட்டதுதான். மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்கிப் படகு எடுத்தால், பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டி வரும். பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும் தொழில் அவருடையதாகிவிடும். வாராந்தத் தவணையில் வீட்டுப் பெண்களின் பெயரில் எடுக்கும் நுண்கடன் அதைவிட ஆபத்து. படகு திருத்தத்தில் நிற்கும் வாரங்களிலும் தவணைக்காரர் வாசலுக்கு வருவார். கூட்டுறவுச் சங்கக் கடனும் வங்கிக் கடனும் தாமதமாகத்தான் கிடைக்கும். என்றாலும் கடல் இல்லாத மாதங்களைக் கணக்கில் எடுத்துத் தவணை பேச முடிவது அங்கேதான். கையில் இருப்பதையெல்லாம் விலைக்கே கொடுத்துவிடாமல் ஒரு பகுதியைத் திருத்தத்துக்கென்று ஒதுக்குங்கள். இருபது வருடப் படகுக்கு, வாங்கும் விலையில் மூன்றில் ஒன்றாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

திருத்தம் முடிந்தபின் நேரே ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். முதலில் இடுப்பளவு தண்ணீரில், இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அதன் எடைக்கு மணல் மூட்டையைப் பின்பலகையோரம் கட்டி, படகைத் தண்ணீரால் நிரப்பிப் பாருங்கள். விளிம்பு மட்டத்திலாவது மிதந்தால் நுரை வேலை செய்கிறது. தாழ்ந்தால் இன்னும் நுரை அடைக்க வேண்டும். அடுத்து இயந்திரத்தோடு கரை தெரியும் தூரத்தில் அரை நாள் ஓட்டம். திரும்பி வந்ததும் அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது, புது ஒட்டுக்களின் ஓரம் எப்படி இருக்கிறது, பின்பலகைப் போல்ற்றுகள் தளர்ந்தனவா என்று பாருங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, துடுப்பு இரண்டு, இரவில் தெரியும் வெளிச்சம், நீர் புகாத பையில் கைபேசி என்பன வலைக்கு முன்பே படகில் ஏற வேண்டியவை. இந்திய இழுவைப் படகுகள் இரவில் வரும் கடலில் வெளிச்சம் இல்லாத சிறு படகு யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் புதுப் பெயர் எழுதுவதைப் பெயர் மாற்றம் பதிவாகும்வரை தள்ளிவையுங்கள். இலக்கத்தை மட்டும் இப்போதே தெளிவாக எழுதுங்கள். கடலில் கடற்படை மறிக்கும்போது பதிவுப் பத்திரத்தின் பிரதியோடு அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான்.